ஆறாம் மாதத்துக் கோட்டு

சாட்சிக் கூண்டில் நின்ற மலையம்மாளிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு நாகலக்ஷ்மி உட்காரக் குனிந்தாள். அப்போதுதான் அவளுடைய கறுப்புக் கோட்டின் நடுப்பொத்தான் தெறித்தது. அது சிமெண்டுத் தரையில் உருண்டு போய் எதிர்த்தரப்பு வக்கீல் வெங்கட்ரமணனின் பூட்ஸ் ஓரத்தில் விழுந்தது. அவர் பொத்தானைப் பார்த்தார். நாகலக்ஷ்மியைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, என் சிநேகிதை கொஞ்ச நாளாகவே ஒரே ஒரு பொத்தானை நம்பித்தான் வந்துகொண்டிருக்கிறார். இப்போது அதுவும் போய்விட்டது. இதை வக்கீல் உடுப்பு என்று சொல்ல முடியுமா?"

கோர்ட்டு சிரித்தது. சப் ஜட்ஜ் சிரிக்கவில்லை. உடுப்பு விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். கழுத்துப் பட்டை இல்லாமல் வந்த வக்கீலை வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

"அடுத்த வாய்தாவுக்கு முறையான உடுப்பில் வர வேண்டும், அம்மா. சிரமம் என்றால் கேஸை வேறு வக்கீலிடம் கொடுத்துவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்."

கடைசி வாக்கியம்தான் நாகலக்ஷ்மிக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுக்கு ஆறாம் மாதம். தலைச்சன். பட்டணத்தில் சட்டம் படித்து, வக்கீல் சன்னது வாங்கி, மதுரைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த 1938-இல் கோர்ட்டு வளாகத்தில் கோட்டுப் போட்ட பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம். வாயும் வயிறுமாக ஒருத்தி வந்து வாதாடுவதை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவள் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று வெங்கட்ரமணன் மனக்கணக்குப் போட்டிருந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் கட்சிக்காரி அன்னக்கொடி காத்திருந்தாள். திருவாதவூர்க்காரி. அவள் புருஷன் பேயாண்டி பாம்பு கடித்துச் செத்தபோது அவளுக்கு நாலு மாசம். கருமாதி முடிந்து, ஆறாம் மாசத்தில் தாய்வீட்டுக்குப் போனாள். ஆண்குழந்தையோடு திரும்பி வந்தாள். பேயாண்டியின் அண்ணன் சிவனாண்டி வாசலிலேயே மறித்துக்கொண்டான். "இவ உண்டாகவே இல்ல. எவளோ பெத்ததைத் தூக்கிட்டு வந்து எந் தம்பி புள்ளைங்கிறா" என்றான். பிள்ளை இல்லையென்றால் நிலமும் கிணறும் அவனுக்கு. அதற்காகத்தான் கேஸ். பிரசவம் பார்த்த மருத்துவச்சி அடுத்த வருஷமே காலமாகிவிட்டாள். தாய்வீட்டார் சொன்னால் சொந்தக்காரர்கள் என்று தள்ளிவிடுவார்கள். அன்னக்கொடியைப் பிள்ளைத்தாய்ச்சியாகப் பார்த்தேன் என்று சொல்ல மிஞ்சியது அண்டைவீட்டு மலையம்மாள் ஒருத்தி. பார்க்கவில்லை என்று சொல்லச் சிவனாண்டி. அன்று அவன் மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டதால் அவனைக் குறுக்கு விசாரணை செய்வது அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப் போயிருந்தது.

"வேற வக்கீலைப் பாக்கணும்னு பேசிக்கிறாகளே தாயி, நெசமா?" அன்னக்கொடி இடுப்பிலிருந்த பையனை இறுக்கிக்கொண்டாள்.

"யார் சொன்னா?"

"எல்லாருந்தான். ஒங்க ஒடம்பு ஒங்களுக்குப் பெருசு. நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா நாலு வக்கீலுக எங் கதையைக் கேட்டுச் சிரிச்சாக. நீங்க ஒருத்தருதேன் சிரிக்கல."

"நான்தான் வருவேன், அன்னக்கொடி. பையனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து ஊருக்குக் கூட்டிண்டு போ."

நாகலக்ஷ்மி நேரே ஜட்காவில் ஏறிப் புது மண்டபத்துக்குப் போனாள். தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. முதல் தையல்காரர் கோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். உள்மடிப்பில் துணியே விடவில்லை, பிரித்து அகலமாக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாமவர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தூணைப் பார்த்துப் பேசினார். "பொம்பளையாளுக்கு அளவெடுக்கிறதில்லம்மா."

"இங்கிட்டு வாங்க தாயி" என்று மூன்றாவது தூணிலிருந்து குரல் வந்தது. சீனியம்மாள். அவளும் புருஷன் நல்லகாமனும் நாடகக் கம்பெனிகளுக்கு உடுப்புத் தைப்பவர்கள். ராஜாக்களுக்குத் தொப்பை வைப்பதும், மீசை முளைத்த பையன்களை ராணியாக்குவதும் அவர்களுக்கு அன்றாட வேலை. சீனியம்மாள் கேட்காமலேயே கோட்டைப் பிடுங்கினாள். டேப்பை எடுத்து அவளைச் சுற்றி வந்தாள்.

"தெரியிற மாதிரி தைக்கவா, தெரியாத மாதிரி தைக்கவா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? பொத்தான் போடணும். நிக்கணும். மூச்சு விடணும்."

"மூச்சு விடுறதுதேன் முக்கியம்" என்று சீனியம்மாள் சிரித்தாள். "இந்தக் கோட்டு இடுப்புல தொங்குது. இத நான் தோள்ல தொங்க விடுறேன். ரெண்டு பக்கமும் பிரிச்சு, அக்குள்ல இருந்து கீழ வரைக்கும் மடிப்பு வச்சுப் பட்டை குடுக்கணும். உள்ளுக்குள்ள நாடா வச்சா, மாசம் ஏற ஏற நீங்களே தளத்திக்கிரலாம். ஆனா துணி வேணுமே! ஒங்க கோட்டு வெயில்ல வெளுத்துச் செம்பட்டை பூத்துக் கெடக்கு. புதுத் துணியில பட்டை குடுத்தா வரிக்குதிரை மாதிரில்ல இருக்கும்?"

அதற்குப் பொருத்தமான துணி கடைத்தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. நாகலக்ஷ்மி சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தாள். அவள் புருஷன் அனந்தராமன் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு உள்ளே போனார். தன்னுடைய கறுப்பு அல்பாக்கா கோட்டை எடுத்து வந்து அவள் மடியில் போட்டார். இருவர் கோட்டும் ஒரே கடையில், ஒரே நாளில் எடுத்தவை. ஒரே வெயிலில் வெளுத்தவை.

"ஏன்னா, ஸ்கூலுக்கு என்ன பண்ணுவேள்?"

"அங்கவஸ்திரம் போட்டுண்டு போறேன். எச்.எம். ஏதாவது சொன்னா என் கோட்டு கோர்ட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கறேன்."

அவள் கண் கலங்கிற்று. அவர் அதைப் பார்க்காத மாதிரி கோட்டுப் பையிலிருந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

சீனியம்மாள் தைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நாகலக்ஷ்மி நிலைக்கண்ணாடி முன் நின்றாள். மூன்று பொத்தானும் மாட்டின. அவள் நல்ல உயரம். துணி தோளிலிருந்து நேராக இறங்கியது. மேலே கவுனையும் போட்டபோது, உள்ளே ஒரு ஜீவன் உதைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தாள். வாரக்கணக்காக வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டே பேசியதில் தன் குரல் சிறுத்துப் போயிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

வாய்தா நாளில் அவள் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் வெங்கட்ரமணன் கையிலிருந்த கேஸ் கட்டைக் கீழே வைத்தார். ஜட்ஜ் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "நடக்கட்டும்" என்றார்.

சிவனாண்டி கூண்டில் ஏறினான். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, தோளில் பச்சைத் துண்டு. நாகலக்ஷ்மி எழுந்தாள். குரல் கடைசி பெஞ்சு வரை போயிற்று.

"அன்னக்கொடி தாய்வீட்டுக்குப் புறப்பட்டதை நீங்க பார்த்தீங்களா?"

"பாத்தேன். வண்டியில ஏறுனப்ப அங்கனதேன் நின்னேன்."

"வயிறு தெரிஞ்சுதா?"

"என்னத்த தெரியிறது? இருந்தாத்தானே தெரியும்!"

"அப்போ அவளுக்கு ஆறு மாசம். சேலையைச் சுத்திப் போத்தியிருந்தா. உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கலாம் இல்லையா?"

சிவனாண்டி கோர்ட்டைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தான். "என்னம்மா கேக்குறீக? இருவது வருசமா மாட்டுத் தரகு பாக்குறேன். செனையா இல்லையான்னு தூரத்துல வாரப்பவே நடையை வச்சுச் சொல்லிப்புடுவேன். பொம்பளைக கிட்டயா தப்பும்?"

அதுவரை நாகலக்ஷ்மி கேட்க நினைத்திருந்த கேள்வி வேறு. அவன் மீசையைத் தடவிய அந்தக் கணத்தில் அதை விட்டுவிட்டாள்.

"எந்தப் பொம்பளையா இருந்தாலும் சொல்லிடுவீங்களா?"

"எவுகளா இருந்தாலும்."

அவள் மேஜையை விட்டு வெளியே வந்தாள். கூண்டு வரை நடந்தாள். திரும்பி நடந்தாள். மறுபடி அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"என்னைச் சொல்லுங்க."

சிவனாண்டி தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தான். "ஒங்களுக்கு அப்புடி ஒண்ணுமில்லம்மா. பனமரம் கணக்கா நிக்கிறீக."

வெங்கட்ரமணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன்! என் சிநேகிதை தன்னுடைய ஆறு மாதக் கர்ப்பத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. குமாஸ்தாவின் பேனா நின்றது.

"ஆறு மாசமா?" என்று சிவனாண்டி வாய்விட்டுக் கேட்டான்.

கோர்ட்டே குலுங்கிச் சிரித்தது. டவாலி சேவகன் "சைலன்ஸ்" என்று கத்திவிட்டுத் தானும் சிரித்தான். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் வெங்கட்ரமணன், அந்த அம்மாள் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது நீங்கள். சாட்சியின் பதிலைப் பதிவு செய்துகொள்கிறேன். மேலே கேள்வி உண்டா, அம்மா?"

"இல்லை, கனம் கோர்ட்டார் அவர்களே" என்றாள் நாகலக்ஷ்மி. ஆனாலும் உடனே உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றாள். நிற்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

தீர்ப்பு வந்தபோது அவள் நாடாவை இரண்டு தரம் தளர்த்தியிருந்தாள். இப்போது யார் பார்த்தாலும் தெரியும். அவளும் மறைக்கவில்லை. மலையம்மாளின் சாட்சியை நம்புவதாகவும், தன் கண்ணைப் பற்றிச் சிவனாண்டி கொண்ட பெருமையில் சாரமில்லை என்றும், குழந்தை பேயாண்டியின் மகனே என்றும், நிலமும் கிணறும் அவனைச் சேர்ந்தவை என்றும் ஜட்ஜ் படித்து முடித்தார்.

வெங்கட்ரமணன் வெளியே போகிறவர் அவள் மேஜையருகே நின்றார். "நான் வாயை மூடிண்டு இருந்திருக்கணும்" என்றார். பிறகு, "பேறு காலம் முடிஞ்சு சீக்கிரம் வாங்கோ. உங்களுக்கு எதிரா இன்னும் ரெண்டு கேஸ் வெச்சிருக்கேன்" என்று கைகூப்பினார்.

"வரேன் சார். கட்டாயம் வரேன்."

வராந்தாவில் அன்னக்கொடி நின்றிருந்தாள். தீர்ப்பு இங்கிலீஷில் படிக்கப்பட்டதால் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாகலக்ஷ்மியின் முகத்தையே பார்த்தாள்.

"நம்ம பக்கம்தான், அன்னக்கொடி. நிலம் உன் பிள்ளைக்கு. அவன் அப்பா யாருங்கறதை இனிமே யாரும் கேக்க முடியாது."

அன்னக்கொடி பையனைத் தலைக்கு மேலே தூக்கினாள். நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். அந்தச் சத்தம் தூண்களில் மோதி வராந்தா முழுக்க ஓடியது. மலையம்மாளும் சேர்ந்துகொண்டாள். வேறு கேஸ்களுக்கு வந்திருந்த, இன்னாரென்றே தெரியாத பெண்களும் ஆளாளுக்குக் குலவையிட்டார்கள். டவாலி சேவகன் ஓடி வந்து, "அம்மா, உள்ளே கோர்ட்டு நடக்குது, நிறுத்தச் சொல்லுங்கம்மா!" என்று நாகலக்ஷ்மியிடம் கெஞ்சினான்.

அவள் நிறுத்தச் சொல்லவில்லை.