ஒற்றைத் தகடு

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தகடு அவள் கண்ணில் பட்டது. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது நாள். பழைய ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து, சீட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷமாகக் கடல் உயிர்களின் கூடுகளையே பார்த்துக்கொண்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் கூட்டம்மா. "பேர்லதாம்மா கூட்டம், எப்பப் பாத்தாலும் ஒண்டியாத்தான் இருக்கீங்க" என்று துப்புரவுக்காரம்மா கேலி செய்வாள்.

கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர்களில் சில, காலம் சரியில்லை என்றால் தடித்த சுவர் எழுப்பி உள்ளே முடங்கிக்கொள்ளும். நல்ல காலம் வந்ததும் சுவரில் ஒரு துண்டைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு வெளியேறிவிடும். வெறும் கூடு சேற்றில் புதையும், சேறு கல்லாகும். கோடிக்கணக்கான வருஷம் கழித்து அந்தக் கல்லை அமிலத்தில் போட்டால் கல் கரைந்துவிடும், கூடு கரையாது. தலைமுடியின் பருமன்தான் இருக்கும். அதற்குள் தகடு தகடாகப் பிரியும் சுவர், இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம், கொம்பு, முள் எல்லாம் உண்டு. ஆனாலும் அவள் முதலில் தேடுவது உயிர் வெளியேறிய வாசலைத்தான். எந்தத் தகடு பெயர்ந்தது, எத்தனை பெயர்ந்தன என்பதை வைத்தே எது எந்த இனம் என்று பிரிப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவள் ஒரு புதுப் பேரினத்தை நிறுவினாள். இரண்டு தகடுகள் சேர்ந்து பெயரும் வாசல் அதன் அடையாளம். பாடப்புத்தகம் வரை ஏறியது. பக்கத்து மேஜைக்காரன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தாடி என்று எல்லோரும் கூப்பிட்டவன். "ஒரு தகடுதான் கதவு. இன்னொண்ணு சும்மா கிழிஞ்சுபோனது" என்று வெளியாட்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டான். பதினோரு வருஷம் அவளோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவன். அன்றோடு பேச்சு நின்றது. அவள் அரை மணி முன்னதாகவே சாப்பிட ஆரம்பித்தாள். மறுவருஷம் அவன் வேறு வேலைக்குப் போனபோது, வழியனுப்பும் நாளில் லீவு போட்டாள்.

இப்போது லென்ஸுக்கு அடியில் அவளுடைய பேரினத்தின் கூடு ஒன்று. பெயர்ந்த தகடு வெளியே போகாமல் உள்ளேயே விழுந்து கிடந்தது. ஒன்றே ஒன்று. பக்கத்துத் தகடு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. பெயர் சூட்டக் காரணமான பழைய கூட்டைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தாள். நுண்ணோக்கியின் திருகை முன்னும் பின்னும் திருப்பினாள். முதல் தகடு இருந்த விளிம்பு கத்தியால் நறுக்கியது போல் நேராக இருந்தது. இரண்டாவது விளிம்பு பிய்த்த காகிதம். இத்தனை வருஷமும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது.

பெட்டியை மூடிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. அரை மணி நேரம் அப்படியும் நினைத்துப் பார்த்தாள். பிறகு பழைய ஊழியர்கள் வாட்ஸப் குழுவில் தாடியின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள்.

"யாரு?"

"நான்தான். கூட்டம்மா."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். "நீயா? நல்லா இருக்கியா?"

"ஒரு தகடுதான். நீ சொன்னதுதான் சரி. கழண்ட தகடு உள்ளயே கெடக்குது. திங்கக்கிழமையே ஆராய்ச்சி இதழுக்கு எழுதி அனுப்பிடுவேன். அதுக்கு முன்னால உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"எந்தத் தகடு?" கொஞ்சம் யோசித்தான். "ஓ, அதுவா! அதை நான் அப்பவே மறந்துட்டேனே."

"பின்ன? அதுக்காகத்தானே நாம பேசாம இருந்தோம்?"

"அதுக்கா?" அவன் குரல் இறங்கியது. "உங்கம்மா தவறினப்ப நான் வரலையே, அந்தக் கோவம்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன். உள்ள வந்து உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல, திரும்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் உறுத்திக்கிட்டே இருக்கு."

அம்மா இறந்ததும் அந்தக் கூட்டம் நடந்ததும் ஒரே மாதம். சாவுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவள் எண்ணியதே இல்லை. அவன் வராதது இப்போது அவன் சொல்லித்தான் தெரிகிறது. "நான் கவனிக்கவே இல்ல" என்று சொல்ல வாயெடுத்தாள். அது அவனுக்கு ஆறுதலாகப் படுமா, அடியாக விழுமா? விழுங்கிக்கொண்டாள்.

"படம் எடுத்து அனுப்பு" என்றான். "பாதி மறந்திருக்கும். இருந்தாலும் பாக்கிறேன்."

உள்ளே தகடு கிடக்கும் கூட்டை மறுபடி லென்ஸுக்கு அடியில் வைத்து, கைப்பேசியை நுண்ணோக்கியின் கண்ணில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் நகர்ந்தாலும் வட்டம் இருண்டு இருண்டு போயிற்று. ஒன்பதாவது படம்தான் தேறியது. அனுப்பினாள்.

துப்புரவுக்காரம்மா வாளியும் துடைப்பமுமாக எட்டிப் பார்த்தாள். "பூட்டலாமாம்மா?"

"கொஞ்சம் இரு."

"யாராச்சும் வரணுமா?"

அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். படத்தின் கீழே இரண்டு குறிகளும் நீலமாயின. மேலே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. துப்புரவுக்காரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.