ஹப் பூட்டாத ஜீப்

என் ஜீப்பில் என் மனைவிக்கு அடுத்தவன் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறான். நான் பின் சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். 2003 ஆவணியில் என் நிலைமை இதுதான்.

குற்றம் என்னுடையதுதான். ஹேமாவதிக்கு முதலில் நான்தான் பழக்கினேன். கிளட்சை விட்டால் கத்தினேன், விடாவிட்டாலும் கத்தினேன். மூன்றாம் நாள் சாவியை என் மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பிறகு என் கூட்டாளி முத்துவீரனைக் கேட்டாள். அவன் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப்பில் ஆள் ஏற்றுகிறவன். அவனுக்குக் கோபமே வராது. அதுவே எனக்குப் பிடிக்காது.

தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரப் பாதையில் பழக்கினான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற பாதை. தென்னந்தோப்பு தாண்டி லேசான ஏற்றம், இடையில் ஒரே ஒரு மணல் ஓடை, முடிவில் ஒரு பாறை. அங்கே நின்றால் திராட்சைப் பந்தல்களோடு பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

"அண்ணே, ஏறிருச்சுண்ணே!" என்று தினமும் அந்தப் பாறையில் சிரிப்பாள். என் பக்கத்தில் இருந்த பத்து வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் வயிறு எரியாதா? எரிந்தது.

அன்று காலை முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் பூட்டு இரண்டையும் திருகித் திறந்து வைத்தேன். எங்கள் ஜீப்பில் அவற்றைக் கையால் பூட்டினால்தான் முன் சக்கரமும் இழுக்கும். ஹேமாவதி மணலில் சிக்குவாள், முத்துவீரன் முழிப்பான், நான் இறங்கிப் பூட்டுவேன். அப்புறம் என்னைப் பார்த்துத்தானே சிரிக்க வேண்டும்!

நினைத்தபடியே சிக்கியது. பின் சக்கரங்கள் மட்டும் மணலை வாரி இறைத்தன.

"கெளம்புறப்ப ஹப்பைப் பாத்தியாம்மா?" என்று கேட்டான் முத்துவீரன்.

"பாத்தேண்ணே. பூட்டாமத்தான் கெடந்துச்சு."

"பெறகு ஏம்மா பூட்டல?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "இவுக திருகினத சன்னல் வழியாப் பாத்தேன். ஓடை வர்றதுக்குள்ள வாயத் தொறந்து சொல்லிருவாகன்னுதான் பேசாம வந்தேன்."

அவளே இறங்கி இரண்டு ஹப்பையும் பூட்டினாள். முத்துவீரன் பின்னால் வந்து முன் சீட்டை எனக்கு விட்டான். நான் ஆசைப்பட்ட இடம்.

வண்டி குலுங்காமல் மணலைக் கடந்து பாறைக்கு ஏறியது.

"ஏறிருச்சு பாரு," என்றேன்.

ஹேமாவதி சிரிக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, சாவியை எடுத்து என் மடியில் வைத்தாள்.