இடது ஷூ

கார் ஏற்றத்தில் உறுமிக்கொண்டே நகராமல் நின்றதற்குத் தானே காரணம் என்பது மனைவிக்கு ஒர்க்ஷாப்பில்தான் தெரிந்தது.

"இவ ஒரே ஒருநாள் ஓட்டினா, அன்னைக்கே கிளட்ச் போச்சு. நான் முப்பது வருஷமா ஓட்டுறேன்," என்று கணவர் மெக்கானிக்கிடம் அளந்துவிட்டார்.

மெக்கானிக் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். அந்த நொடியே அணைந்திருக்க வேண்டிய இன்ஜின் வெட்கமில்லாமல் ஓடியது.

"கிளட்ச் பிளேட் தேஞ்சுபோச்சு." குனிந்து கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவினார். வழவழவென்று இருந்தது. "சார், ஷூவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

வலது ஷூ நன்றாகத்தான் இருந்தது. இடது ஷூவின் அடியில் பாதியைக் காணோம்.

"கால் எப்பவும் கிளட்ச் மேலயே இருக்குமோ?"

"அது ஒரு முன்ஜாக்கிரதைதான்," என்ற கணவரின் முகத்தில் ஈயாடவில்லை.

புது பிளேட் போட்டதும் மெக்கானிக் சாவியை மனைவியிடம் நீட்டினார். "நீங்களே ஓட்டுங்கம்மா."

அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஓட்டுகிறார். ஆறு மாதமாகியும் கிளட்ச் புதுசுபோலவே இருக்கிறது. அவர் காலடியில் கிடக்கும் கால்மிதியில்தான், இடது பக்கமாக, ஓட்டை விழுந்திருக்கிறது.