எட்டுக்கு அடுத்தது

ஸ்ட்ரெச்சரில் வந்திருப்பது யாரென்று பார்த்ததும் மயக்க மருந்து டாக்டரம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. பதினெட்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் தன் பக்கத்திலேயே நின்ற சிஸ்டர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. காலையில் துணி உலர்த்தும்போது தலையே பிளந்ததுபோல வலி வந்து விழுந்தாராம். மூளை ரத்தக்குழாயில் புடைத்திருந்த ஓர் இடம் வெடித்திருக்கிறது. தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, அதைக் கம்பிச்சுருளால் அடைக்கப் போகிறார்கள். அதற்குள் பிரஷர் எகிறினால் மறுபடி வெடிக்கும். இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாது. இரண்டும் இப்போது டாக்டரம்மா பொறுப்பு.

அந்த நாளில் மயக்க மருந்து ஏறும்போது நோயாளிகளைப் பத்திலிருந்து தலைகீழாக எண்ண வைப்பது சிஸ்டர்தான். எட்டுக்கு அடுத்து ஆறு என்பார். ஏழு என்று சொன்னால் ஏழரை வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். "எட்டைத் தாண்டி எவன் முழிச்சிருக்கான், கணக்கு கேக்க?" என்று நியாயம் வேறு. டாக்டரம்மா சீண்டாத நாளில்லை. 'ஏழு சிஸ்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார். ஆறிப்போன காபியைப் பங்கு போட்டுக்கொண்டு அதற்காகச் சண்டை போட்ட நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன!

"டாக்டரம்மா, நீங்களா? அப்ப சரி," என்று சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மருந்தை ஏற்றிக்கொண்டே டாக்டரம்மாதான் எண்ணினார். பத்து, ஒன்பது, எட்டு. அடுத்ததை விழுங்கிவிட்டு ஆறு என்றார். யார் காதிலாவது விழுந்திருந்தால் மானம் போயிருக்கும். தொண்டையில் டியூபை இறக்கும்போது சிறு இருமல்கூட வராமல் பார்த்துக்கொண்டார். திரையில் பிரஷர் அசையவில்லை. பிறகு எக்ஸ்ரே படாமலிருக்க ஈய அங்கியைச் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருள்கள் சரியாக உட்கார்ந்தன. மருந்தை நிறுத்தி, டியூபையும் எடுத்தாயிற்று. சிஸ்டர் கண்ணைத் திறந்தார், கை காலை அசைத்தார். பேச்சு வருமா, புத்தி தெளிவாக இருக்கிறதா என்பதுதான் இனிமேல் தெரியவேண்டும். சுருள் வைத்த டாக்டர் குனிந்து, பத்திலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார்.

"பத்து... ஒம்போது..." குரல் கரகரத்தது. "எட்டு."

அதோடு நின்றுவிட்டது.

"ஆறு."

சுருள் வைத்தவரின் முகம் வாடியது. "நடுவுல ஒண்ண விட்டுட்டாங்களே மேடம்," என்று குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். மாஸ்க் கண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. படுக்கையில் சிஸ்டர் அஞ்சு, நாலு என்று இறங்கிக்கொண்டிருந்தார்.