ஜன்னலுக்குக் கீழே ஓர் இடம்

ஆஸ்பத்திரி வாசலில் பிக்கப்பை ஓரம் கட்டி ஆம்புலன்சுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்தான். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சின்னவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“எங்க இருக்க?”

“வந்துட்டேன். கீழதான்.”

“கீழன்னா? லிஃப்ட்டுலயா?”

“வண்டி போட இடம் தேடிக்கிட்டிருக்கேன்.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சு அவளுக்குப் பழக்கம். ‘பஸ்ஸு ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குதே’ என்பது அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். இன்று அவன் அதைப் பிரித்துக் காட்டவில்லை.

“டாக்டர் வந்து அப்பாவைப் பாத்துட்டுப் போனார். இனிமே எந்த நேரமும் முடிஞ்சிடலாம்னு சொல்லிட்டார். எங்கயாவது விட்டுட்டு மேல வா.”

எங்கேயாவது விடுவதற்கு அது என்ன குடையா? முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் ஒரு வீட்டுச் சாமானை ஏற்றலாம். சாம்பல் பூத்த நீல நிறத்தில் அப்படியொரு வண்டி. குறுகலான தெருவில் திரும்பினால் தெருவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியின் அடித்தள நிறுத்துமிடத்துக்குள் அது போகாது. நுழைவாயிலில் உயரம் பார்க்கச் சங்கிலியில் தொங்கும் இரும்புக் குழாய் முதல் நாளே வண்டியின் கூரையில் ஒரு கோடு கிழித்து அதைச் சொல்லிவிட்டது. வாசலில் விடலாம் என்றால் அது ஆம்புலன்ஸ் வரும் வழி. இன்னொருத்தி தன் அப்பாவைக் கொண்டுவரும்போது இந்த மலை குறுக்கே நிற்கக் கூடாது.

அக்கம்பக்கத்தில் இதற்குக் கப்பல் என்று பெயர். கப்பலின் சொந்தக்காரர் அப்பா, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அவர் ஆயுளில் தூக்கிய அதிகபட்ச பாரம் கண்ணாடி அட்டைப்பெட்டி. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே நாலு சிக்னல். அந்த நாலு சிக்னலைத் தாண்ட ஒரு டன் சுமக்கிற வண்டியை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்றைக்கு அண்ணன் ஆடிய ஆட்டத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

“கண்ணாடி விக்கிறவருக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய லாரி? உள்ள ஒரு ஃப்ரேம் விழுந்தா தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?”

“ஒரு தடவை ஏறி உக்காந்து பாரு. அப்புறம் பேசு.”

“நான் இதுல ஏற மாட்டேன்.”

அண்ணன் சைக்கிள் கட்சி. சொன்ன சொல் மாறவில்லை. மழையில் நனைந்து போனாலும் போவானே தவிர அதில் ஏறியதில்லை. அப்பாவும் மறுபடி கூப்பிடவில்லை. வாங்கியதற்கு அவர் சொன்ன ஒரே காரணம், நாள் முழுக்க மூக்கு நுனியில் இருக்கிறதையே பார்க்கிறவனுக்கு அந்த உயரத்தில் உட்கார்ந்தால் தூரத்தில் இருப்பது தெரிகிறது என்பதுதான். அதைக் காரணம் என்று வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சின்னவளும்தான்.

அவர் படுத்த பிறகு எல்லாம் அவள் தலையில் விழுந்தது. காலையில் கடையைத் திறந்து, லென்ஸ் தேய்த்து, மதியம் பூட்டிவிட்டு இங்கே ஓடி வர வேண்டும். வண்டியை வீட்டில் விட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் கேட்டை மறைக்கிறது என்று சண்டை. ஓட்டாமல் விட்டால் பேட்டரி படுத்துவிடும் என்று அப்பா. ஆக, அவளோடு அதுவும் தினம் ஊர்வலம் வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

ஆனால் நாலாவது மாடியில், ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அப்பா கேட்கும் முதல் கேள்வி அவளைப் பற்றியதல்ல.

“இன்னிக்கு எங்க போட்ட?”

மைதானத்துக்குப் பக்கத்தில், தபாலாபீசுக்குப் பின்னால், பள்ளிக்கூடச் சுவரோரம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பதில் இருந்தது. அவர் கண்ணை மூடி அந்த இடத்தை மனசுக்குள் அளந்து பார்ப்பார். பிறகு தலையை ஜன்னல் பக்கம் திருப்புவார்.

“இங்க கீழ கிடைக்கலயா?”

அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே பக்கவாட்டுத் தெரு. அங்கே சுவரோரமாக வண்டிகளுக்குக் கோடு போட்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு எப்போதும் அடிபிடி. ஒரு நாளும் கிடைத்ததில்லை.

“நாளைக்குப் பாக்கறேம்ப்பா.”

“நாளைக்குக் கிடைக்கும்,” என்பார், ஏதோ அவளுக்கு வேலை கிடைக்கப் போகிற மாதிரி.

ஆம்புலன்ஸ் உள்ளே போனதும் வாசல் காவலாளி ஓடி வந்தார். தினமும் பார்த்துப் பழகியவர்.

“இங்க நிக்காதீங்கம்மா. இன்னொண்ணு வருது.”

“அண்ணே, வேற எங்கயாச்சும் இடம் இருக்கா? அவசரம்.”

அவள் குரலைக் கேட்டு அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். என்ன அவசரம் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கு அதெல்லாம் கேட்காமலே தெரியும்.

“மைதானத்துகிட்ட இருக்கும். இல்லன்னா பக்கத்துத் தெருவுல ஒரு சுத்து சுத்திப் பாருங்க.”

மைதானத்திலிருந்து நடந்து வர நேரமாகும். பக்கத்துத் தெருவில் திருப்பினாள். வரிசையாக வண்டிகள், இடைவெளியே இல்லை. வாய்க்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டே ஊர்ந்தாள். நாலாவது மாடி ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு வெள்ளை வேனின் பின்விளக்கு எரிந்தது.

சின்னவள் இண்டிகேட்டரைப் போட்டு நின்றாள்.

வேன்காரருக்கு உலகத்தில் ஓர் அவசரமும் இல்லை. பெல்ட்டைப் போட்டார். அதைக் கழற்றிவிட்டுச் சட்டைப்பையில் எதையோ தேடினார். மறுபடி போட்டார். பக்கக் கண்ணாடியைச் சரி செய்தார். தண்ணீர் குடித்தார். பின்னாலிருந்து இரண்டு கார்கள் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை. போய்விடு, மைதானத்துக்குப் போ, ஓடி வந்துவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. இத்தனை நாள் கிடைக்காத இடம், அப்பாவுக்குத் தெரிகிற இடம், இதோ கிளம்பிவிட்டான் என்று இன்னொரு மனசு பிடித்து வைத்தது. இன்றைக்கு அவர் கேட்டால் ஜன்னலைக் காட்டிச் சொல்லலாம். அவள் நின்றாள்.

வேன் ஒரு வழியாக நகர்ந்தது.

வேன் விட்டுப்போன இடம் கப்பலுக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். அப்பா பக்கத்தில் இருந்தால் வாய் ஓயாது. வரலாம், வரலாம், இப்ப ஸ்டீயரிங்க ஒடி, இன்னும் ஒடி, நேராக்கு. “எனக்கும் கண்ணு இருக்குப்பா” என்று அவள் எரிந்து விழுவாள். இப்போது பக்கத்து இருக்கையில் அவள் கைப்பையும் அவருக்காகத் துவைத்து எடுத்து வந்த போர்வையும் மட்டும் இருந்தன. முதல் தடவை பின்சக்கரம் நடைபாதையில் ஏறியது. முன்னால் எடுத்து மறுபடி வந்தாள். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டது. திரும்பவும் முன்னால் எடுத்தாள். ஹாரன்காரர்கள் இப்போது தலையை வெளியே நீட்டிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். வரலாம், வரலாம் என்று அவளே முணுமுணுத்துக்கொண்டாள். ஒடி. நேராக்கு. வண்டி உள்ளே போய் நின்றது.

இறங்கி மேலே பார்த்தாள். நாலாவது மாடி ஜன்னலில் அண்ணன் நின்றிருந்தான். கையைத் தூக்கினான். இவ்வளவு நேரமா என்று திட்டுகிறான் என நினைத்துக்கொண்டு ஓடினாள்.

லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. படியில் ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் போர்வை அவிழ்ந்து காலில் மாட்டியது.

அறைக்குள் மெஷின் சத்தம் இல்லை. நர்ஸ் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சின்னவளைக் கண்டதும் ஒதுங்கி நின்றாள். அண்ணன் இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தான்.

“எப்போ?”

“இப்பதான். நான் கையக் காட்டினேனே, அப்ப.”

அவள் போர்வையை அப்பாவின் காலடியில் வைத்தாள். அதைச் சரியாக நாலாக மடித்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த வேன்காரன் மேல், அந்த வண்டி மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல்.

“பஸ்ல வந்திருக்கணும்,” என்றாள். “மைதானத்துல போட்டுட்டு ஓடி வந்திருந்தாக்கூடப் பாத்திருப்பேன்.”

ஆமாம் என்று அண்ணன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் அப்பாவின் பக்கம் திரும்பினான்.

நர்ஸ் மெதுவாக, “அவரோட கண்ணாடியக் கழட்டிக் குடுத்துடட்டுமா?” என்றாள்.

அப்போதுதான் சின்னவள் முகத்தைப் பார்த்தாள். அப்பா கண்ணாடி போட்டிருந்தார். முகமூடி அழுத்துகிறது என்று வந்த அன்றே கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தது. படிக்கிற கண்ணாடி ஒன்று, தூரப் பார்வைக்கு ஒன்று. அவர் முகத்தில் இருந்தது தூரப் பார்வைக்கு அவளே லென்ஸ் தேய்த்துப் பொருத்தியது. கட்டிலின் தலைப்பக்கமும் உயர்த்தப்பட்டிருந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது.

“யாரு போட்டு விட்டது?”

“நான்தான்,” என்றான் அண்ணன். “கண்ணு முழிச்சார். எங்க போட்டான்னு கேக்கறார்னு தெரிஞ்சுச்சு. சத்தம் வரல, வாய் மட்டும்தான். வந்துட்டாப்பா, கீழதான் நிக்கறா, வேன் எடுக்கறதுக்காக நிக்கறான்னு சொன்னேன். கண்ணாடி இருந்த இழுப்பறையக் காட்டினார். எது எதுன்னு எனக்குத் தெரியல. முதல்ல போட்டதுக்கு வேணாம்னு தலைய ஆட்டினார், இதுக்கு ஆட்டல.”

“அப்புறம்?”

“தூக்கி உக்கார வெச்சேன். அவருக்குத் தெரிஞ்சுதா தெரியலயான்னு தெரியாது, அதனால சொல்லிக்கிட்டே இருந்தேன். வேன் போயிடுச்சு, பின்னால வர்றா, சக்கரம் மேல ஏறிடுச்சு, திரும்ப எடுக்கறான்னு. எனக்கு வண்டி பாஷையெல்லாம் தெரியாது. பாத்ததச் சொன்னேன்.” அவன் தன் வலது கையைத் தூக்கி, படுக்கைக்கு மேலே காற்றில் ஒரு வட்டத்தின் பாதியைப் போட்டான். “இவர் கை இப்படி இப்படின்னு திரும்பிச்சு.”

அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். விரிப்பின் மேல் இருந்தது, விரல்கள் லேசாக வளைந்து.

“உள்ள போனதப் பாத்தாரா?”

அண்ணன் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற வண்டியைப் பார்த்தான். பொய் சொல்லிவிட எவ்வளவு எளிதான இடம். அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“ரெண்டாவது தடவ முன்னால எடுத்தியே, அதுவரைக்கும் பாத்தார். அதுக்கப்புறம் நான் உன்னையே பாத்துக்கிட்டிருந்தேன். உள்ள போயிடுச்சு, போட்டுட்டாப்பான்னு சொல்லிட்டுத் திரும்பினேன்.”

நர்ஸ் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் சின்னவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். தோளில் கை வைக்கத் தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வண்டியில் அப்பாவைப் பிறகு அனுப்பி வைப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் யாராவது வீட்டுக்குப் போய்க் கூடத்தை ஒழித்து வைக்க வேண்டும். இரண்டு பேரும் படி இறங்கி வந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. அண்ணனின் சைக்கிள் வாசல் கம்பியில் பூட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு அவளோடு பக்கத்துத் தெருவுக்கு வந்தான். பிக்கப்பின் கதவைத் திறந்து, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தடுமாறி, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறி உட்கார்ந்தான்.

அவளும் ஏறி உட்கார்ந்தாள். இருவரும் முன்னால் பார்த்தார்கள்.

“சிக்னல் வரைக்கும் தெரியுது,” என்றான்.

“ம்.”

“இருப்போம். ஒரு பத்து நிமிஷம். இப்பவே போக வேணாம்.”

அவளுக்கும் கிளம்பத் தெம்பு இல்லை. சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தாள். கிடைக்காத இடம் கிடைத்திருக்கிறது, ராத்திரி முழுக்க இங்கேயே கிடந்தாலும் யார் கேட்பார்கள்.

பக்கத்தில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இண்டிகேட்டர் மினுக்கியது. ஓட்டி வந்த பெண் கண்ணாடியை இறக்கி, சைகையால் கேட்டாள். எடுக்கிறீர்களா? மடியில் அவள் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் கட்டடத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தாள்.

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் தலையாட்டிவிட்டுச் சாவியைத் திருகினாள்.

முன்னால் நின்றிருந்த வண்டி ரொம்பவும் ஒட்டி இருந்தது, முதலில் பின்னால் எடுத்தால்தான் வெளியே வரலாம். அவள் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதற்குள் அண்ணன் கதவைத் திறந்து கீழே குதித்தான். வண்டிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டான்.

“வரலாம்,” என்றான், அப்பாவின் இழுப்பிலேயே. “வரலாம்... வரலாம்... இப்ப ஒடி.”

அவளுக்குப் பின்னால் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. அவன் சொன்னபடி ஒடித்தாள்.