பக்கம் திருப்பாத வாசிப்பு

இஸ்திரிப் பெட்டியை எந்தப் பக்கம் இழுத்தாலும் விரிப்பின் நடுவில் ஒரு சுருக்கம் மிச்சமிருந்தது. அம்மாவின் மேல் போர்த்த வேண்டிய வெள்ளை விரிப்பு. நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வந்துவிடும். இருபத்தாறு வருடம் ஓட்டல் விரிப்புகளைத் தேய்த்தவளைக் கசங்கிய துணியோடு அனுப்புவதா என்று மகளுக்கு மானம் போனது.

அம்மா வேலை பார்த்த சலவை நிலையத்திலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். மூத்தவள் கஞ்சி அக்கா. சட்டைக் காலருக்குக் கஞ்சி போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் வந்த பெயர். உள்ளறையில் அம்மாவின் கால்மாட்டில் நின்று அழுது தீர்த்தாள். மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்தவள் கண்ணில் விரிப்பு பட்டுவிட்டது.

"துணியைத் தேய்க்கிறியா, இல்ல பழி வாங்குறியா? விடுடி அதை."

"இல்லக்கா, அம்மாவுக்கு நானே பண்ணணும்."

"உனக்கு வேற வேலை இருக்கு. அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வா. ஜன்னல் அத்தியாயத்தைப் படி. உங்கம்மா படிக்கிறப்ப அவ பங்கை நாங்கதானே தேய்ச்சோம்?"

இஸ்திரி அறையின் சட்டம் அது. மதியம் ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் அவள் துணிகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அம்மா வாசித்தது ஏழைகளின் பாடுகளைச் சொல்லும் பழைய பிரெஞ்சு நாவல். தலையணையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு தடி. பழைய பேப்பர் கடையில் முதல் பாகம் மட்டும் கிடைத்தது. இரண்டாம் பாகம் கடைசிவரை கைக்கு வரவில்லை. ஆனாலும் அம்மாவின் வாசிப்பு நிற்கவில்லை.

அவள் சொன்ன இரண்டாம் பாகத்தில் பிரெஞ்சு ஊர்ச் சலவைப் பெண்கள் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள், ஆணியடித்து மூடிய ஜன்னல்களை முதலாளி திறக்கும்வரை. இங்கேயும் அதே கதைதான். வெள்ளைத் துணியில் தெருத்தூசி படியும் என்று ஆறு ஜன்னல்களையும் அடைத்திருந்தார்கள். பெண்கள் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடி பெட்டியைக் கையில் கொடுப்பார்கள். அந்த அத்தியாயம் முடிந்த மறுவாரம் இவர்களும் பெட்டியை வைத்துவிட்டு நின்றார்கள். மூன்றாம் நாள் மானேஜரே சுத்தியலோடு வந்து ஆணி பிடுங்கினார்.

நூலகத்தில் வேலை கிடைத்ததும் மகள் செய்த முதல் காரியம் இரண்டாம் பாகத்தைத் தேடிப் படித்தது. ஜன்னலும் இல்லை, சலவைப் பெண்களும் இல்லை.

"அப்படி ஒண்ணுமே அதுல இல்லம்மா."

"புத்தகத்துல இருக்கிறது அவங்க ஊர்ல நடந்தது," என்றாள் அம்மா, துணி மடிப்பதை நிறுத்தாமல்.

மகள் புத்தகத்தைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தை விரித்தாள். ஐந்து பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். இல்லாததை இருப்பதுபோல் வாசிக்க நாக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், போகிற நாளில் அம்மா பொய்க்காரியாகிவிடுவாள். இந்தப் பெண்கள் பிழைப்பையே பணயம் வைத்தது அந்த ஒரு அத்தியாயத்தை நம்பித்தானே?

வாய் முந்திக்கொண்டது. "அக்கா, இதுல அந்த அத்தியாயம் இல்ல."

பெட்டியை வாங்கியிருந்த கஞ்சி அக்கா விரிப்பில் தண்ணீர் தெளித்தாள். பெட்டி பட்டதும் துணி சீறியது.

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"ரெண்டு மாசம் அவ பக்கத்தையே திருப்பல. நாங்க என்ன குருடா?"

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இழவு வீடு என்பது ஒரு நொடி மறந்துபோனது.

"அப்ப எதை நம்பிக்கா வேலையை விட்டுட்டு நின்னீங்க?"

"உங்கம்மாவைத்தான். பிரெஞ்சுக்காரனையா எங்களுக்குத் தெரியும்?"

இவள் என் அம்மா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது மகளுக்கு. உள்ளறைக் கதவருகே உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அடுப்படியில் பாத்திரம் தேய்த்தபடி ஒத்திகை பார்த்ததைக் கேட்டே வளர்ந்தவள். ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

"அன்று காலை இஸ்திரி அறையில் ஒரு பெட்டியும் அசையவில்லை. காற்று வந்தால்தான் கை அசையும் என்றாள் ஒருத்தி..."

ஒருத்தி விரிப்பின் நுனியைப் பிடித்தாள், இன்னொருத்தி எதிர் நுனியை. பெட்டி ஒரே இழுப்பில் போய் வந்தது. வாசிப்பு பாதியைத் தாண்டுவதற்குள் விரிப்பு அம்மாவின் மேல் கிடந்தது, நாலு மூலையும் அளந்து வைத்ததுபோல. நடுவில் சுருக்கம் இல்லை.

வாசலில் வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "மணி நாலாச்சு. எடுத்துடலாமா?"

"இருங்க தம்பி," என்றாள் கஞ்சி அக்கா. "இன்னும் ஜன்னல் திறக்கல."

மகள் பக்கத்தைத் திருப்பினாள். வெறும் அட்டை. அதையும் பார்த்து வாசித்தாள்.