கடைசிப் பந்துக்காரன்

அன்ரனுக்கு முப்பத்துநான்கு வயது. கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பதினொரு வருடமாக ஒரு கம்பிக்கூட்டுக்குள் உட்கார்ந்தே கழித்துவந்தான்.

டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் போனால் வரும் ஒரு சிறு நகரத்தின் பேஸ்பால் கழகத்தில் அவன் பந்தெறிபவன். அதிலும் முதலில் இறங்கி எறிகிறவன் வேறு ஆள். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். தொடங்குகிறவன் ஆறோ ஏழோ இன்னிங்ஸ் எறிந்து களைத்துப்போய், எதிரணிக்காரர் ஓட்டம் எடுக்க வரிசையாக நிற்கும்போது, அந்தக் குழப்பத்தை அடக்க ஒருவனைக் கூப்பிடுவார்கள். அந்த ஒருவன் அன்ரன். கூப்பிடும்வரை மைதானத்தின் வலதுபக்க மூலையில், கம்பிவலை அடித்த கூட்டுக்குள் காத்திருக்க வேண்டும். புல்பென் என்று அதற்குப் பெயர். அவனுடைய மனைவி யதுசா அதை மாட்டுப்பட்டி என்பாள்.

"இண்டைக்கும் பட்டிக்கோ?" என்று அவன் பையைத் தூக்கும்போது கேட்பாள். முதல் வருடங்களில் இரண்டு பேரும் அதற்குச் சிரித்தார்கள்.

பதினெட்டு வயதில் அமெரிக்கக் கழகம் ஒன்று அவனை எடுத்தது. "பந்து எறியிறதுக்கோ உவ்வளவு தூரம் கூப்பிடுறாங்கள்?" என்று அப்பா அந்தோனிப்பிள்ளை நம்பாமல் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். நான்கு வருடம் அங்கே கீழ்நிலைக் கழகங்களில் பஸ்ஸிலேயே வாழ்ந்தான். ஒரு நாளைக்கு நூறு பந்து எறிய இவனுக்குத் தாக்குப்பிடிக்காது, இருபது பந்து என்றால் இவனை மிஞ்ச ஆளில்லை என்று கண்டு, கடைசி இன்னிங்ஸுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். பிறகு ஒரு காலை, சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி அறைக்குள் கூப்பிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். படிப்பில்லை, தொழிலில்லை. ஜெர்மனிக்குத் திரும்பிவந்தவனை வெஸ்லிங் வைத்துக்கொண்டார்.

வெஸ்லிங் கழகத்தின் தலைவர். உறையவைத்த மீனும் காய்கறியும் சேமிக்கும் பெரிய குளிர்களஞ்சியத்தின் முதலாளி. அன்ரனுக்குக் களஞ்சியத்தில் வேலை கொடுத்தார், அலுவலகத்துக்கு மேலே இருந்த வீட்டைக் கொடுத்தார். கலியாணத்துக்கு வந்து வேட்டி கட்டிக்கொண்டு படம் எடுத்தார். நல்ல மனுசன். அதுதான் கஷ்டம். ஒவ்வொரு ஒக்டோபரும் அவர் அவன் தோளில் கைபோட்டு, கழகத்தார் கூப்பிடும் பெயரில், "டோனி, அடுத்த வருடமும் நீதானே?" என்று கேட்கும்போது, படுப்பதும் அவருடைய கூரைக்குக் கீழே, உழைப்பதும் அவருடைய இடத்தில் என்று இருக்கிற ஒருவனுக்கு இல்லையென்று சொல்ல வாய் வருமா? அன்ரனுக்கு வரவில்லை.

முழங்கை நோகத் தொடங்கி இரண்டு கோடையாகிவிட்டது. பல் தீட்டுவது இடக்கையால். சேர்ட் பொத்தானை யதுசா பூட்டிவிடுவாள். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவனைக் கூப்பிடக் கூட்டுக்குள் வைத்திருக்கிற ரெலிபோன் அடிக்கும்போது மட்டும் கை தானாக எழும்பிவிடும். எட்டாவது இன்னிங்ஸ் நெருங்க, அடிக்கக்கூடாது என்று மனதுக்குள் மன்றாடுவான். அடித்தவுடன் எழும்பி ஓடுவான்.

அந்த வசந்தத்தில் யதுசாவுக்கு டிரெஸ்டனில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. ஜனவரியில் சேர வேண்டும். நாட்டின் மறு அந்தம்.

"இந்த சீசனோட காணும். முடிஞ்ச உடன வெஸ்லிங்கிட்ட சொல்லுறன்," என்றான் அன்ரன்.

"போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள்."

"போன வருசம் உமக்கு வேலை கிடைக்கேல்லைத்தானே."

"அப்ப என்ரை வேலைக்காகத்தான் விடப்போறியளோ? உங்கட கைக்காக இல்லையோ?"

அவள் வேலைக்குச் சம்மதம் எழுதி அனுப்பினாள். அவன் கழகத்தில் வாயே திறக்கவில்லை.

செப்டெம்பரில் அரையிறுதி. ஐந்து ஆட்டத் தொடரில் ஆளுக்கு இரண்டு வெற்றி. ஐந்தாவது ஆட்டம் ஞாயிறு மத்தியானம், சொந்த மைதானத்தில். கழகம் அந்தப் பக்கமே போய் ஒன்பது வருடம் என்பதால் ஊரே வந்திருந்தது. வெள்ளியும் சனியும் அன்ரன் எறிந்திருந்தான். ஞாயிறு காலை கை தோளுக்கு மேலே போக மறுத்தது. வெந்நீருக்குள் அரை மணிநேரம் வைத்திருந்துவிட்டுப் போனான்.

கடைசி இன்னிங்ஸ். நாலுக்கு மூன்று என்று இவர்கள் முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் ஓடத் தயாராக நின்றார்கள், மூன்று பேர் ஆட்டமிழக்க வேண்டியதில் ஒருவன்தான் ஆட்டமிழந்திருந்தான். ரெலிபோன் அடித்தது.

கூட்டின் கதவைத் திறந்துகொண்டு அவன் ஓடிவந்தபோது கூட்டம் எழுந்து நின்று "டோ-னி, டோ-னி" என்று கத்தியது. பந்தெறியும் நடு மேட்டில் பயிற்றுநர் பந்தை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "உனக்குப் பிறகு ஆளில்லை, தெரியும்தானே," என்றார். ஒவ்வொரு தரமும் சொல்லும் வாசகம்தான். தைரியமூட்டுவதாக அவருக்கு எண்ணம்.

முதல் ஆளை நான்கு பந்தில் அனுப்பினான். எல்லாம் மெதுவான பந்து. வேகத்தை எதிர்பார்த்து வந்தவன் முன்கூட்டியே வீசி ஏமாந்தான். இன்னும் ஒருவன்தான். அவனும் இரண்டு பந்தை அடிக்கத் தவறினான். மூன்றாவதையும் தவறவிட்டால் முடிந்தது. ஒரு பந்து மிச்சம். ஒன்றே ஒன்று.

பந்தைப் பிடிக்கிற லூக்காஸ் கையால் வேகப்பந்து என்று சைகை காட்டினான். அன்ரன் எறிந்தான். பந்து அடிப்பவனின் தலைக்கு மேலே போய்ப் பின்சுவரில் மோதியது. கூட்டம் ஆவென்றது. அவர்கள் பந்தைப் பார்த்தார்கள். முழங்கைக்குள் ஈரத்துணி கிழிந்ததுபோல எழுந்த ஓசை அன்ரனுக்கு மட்டும்தான் கேட்டது. சின்னவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின.

அதற்குள் ஓடத் தயாராக நின்ற இருவரும் ஒவ்வொரு கட்டம் முன்னேறிவிட்டார்கள். லூக்காஸ் ஓடிவந்தான். முகக்கவசத்தைத் தூக்கி அன்ரனின் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"கையா?"

அன்ரன் மரத்த விரல்களை மடக்கிப் பார்த்தான்.

"ஒரு பந்து, டோனி. எப்படியாவது உருட்டிவிடு. ஒரேயொரு பந்து."

பயிற்றுநரும் வந்தார். அவரும் அதையே சொன்னார். மேட்டைச் சுற்றி வியர்வை நாற்றத்தோடு அவர்கள் நெருங்கி நின்றார்கள். வேலிக்கு அப்பால் வெஸ்லிங் கழுத்துத்துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு பந்து எறியலாம்தான் என்று அன்ரன் நினைத்தான். எறிந்து வென்றால் அடுத்த சனிக்கிழமை இறுதியாட்டம். அங்கேயும் ஒரு பந்து மிச்சமிருக்கும். அதற்கடுத்த ஒக்டோபரில் தோளில் ஒரு கை விழும். இது முடிகிற இடம் எதுவென்று எவ்வளவு தேடியும் அவனுக்குத் தென்படவில்லை.

"என்னால் முடியாது," என்றான் ஜெர்மன் மொழியில். பந்தைப் பயிற்றுநரின் கையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். கூட்டத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது விசிலடித்தார்கள்.

முதல்நாள் நெடுநேரம் எறிந்து களைத்திருந்த பந்தெறிபவன் பென்ஜமினை அவசரமாக இறக்கினார்கள். அவனுடைய இரண்டாவது பந்தையே அடிப்பவன் இடதுபக்கமாக நீட்டி அடித்தான். இருவர் ஓடி முடித்தார்கள். ஐந்துக்கு நாலு. இவர்களுடைய கடைசி முறையில் மூன்று பேரும் வரிசையாக ஆட்டமிழக்க, சீசன் முடிந்தது. உடைமாற்றும் அறையில் பென்ஜமின் துவாயால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். அன்ரன் மன்னிப்புக் கேட்கப் போனான். அவன் துவாயை எடுக்கவில்லை.

டுசல்டோர்ஃபில் அறுவைச்சிகிச்சை நடந்தது. முழங்கை நார் முற்றாக அறுந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கட்டினார்கள். மூன்றாம் நாள் வெஸ்லிங் பூங்கொத்தோடு வந்தார். திட்டுவார் என்று அன்ரன் காத்திருந்தான். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"இந்தக் கையோடு இரண்டு வருடம் எறிந்திருக்கிறாயே, முட்டாள். எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பார், இரண்டு வருட ஒப்பந்தம் கொண்டுவந்திருக்கிறேன். முதல் வருடம் நீ எறியவே வேண்டாம். கை சுகமாகட்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பார்த்தாய்தானே, நீ இல்லாவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

அன்ரன் யன்னலருகே நின்ற யதுசாவைப் பார்த்தான். பிறகு, "என்னால் முடியாது, ஹெர் வெஸ்லிங்," என்றான்.

"இப்போது முடியாது. தெரியும். அதனால்தானே ஒரு வருடம் தருகிறோம்."

"டிரெஸ்டனில் யதுசாவுக்கு வேலை..."

"எங்கள் பக்கத்தில் ஆய்வுகூடமே இல்லையா? நான் இரண்டு பேரோடு கதைக்கிறேன்."

அவன் வைக்கிற ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு உதவி இருந்தது. யதுசா தமிழில், மெதுவாகச் சொன்னாள்:

"ஏலாது, ஏலாதெண்டு சொல்லிக்கொண்டிருந்தால் அந்த மனுசன் ஏலுமாக்கிப்போட்டுத்தான் போவார். உங்களுக்கு வேற சொல்லுத் தெரியாதோ?"

"என்ன சொல்கிறாள்?" என்று வெஸ்லிங் கேட்டார்.

அன்ரனுக்கு முதலில் தமிழில்தான் வாயில் வந்தது. "மாட்டன்." அதைக் கேட்கத் தனக்கே புதிதாக இருந்தது. பிறகு அவருடைய மொழியில் சொன்னான். "எறிய மாட்டேன். கை சுகமானாலும் எறிய மாட்டேன். எனக்கு விருப்பமில்லை. மூன்று வருடமாகவே விருப்பமில்லை."

வெஸ்லிங்கின் முகத்தில் கோபம் வரவில்லை. யாரோ தெரியாத ஆளின் அறைக்குள் தவறி வந்துவிட்டவரைப்போல எழுந்தார். ஒப்பந்தத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வீடு கம்பனிக்குச் சொந்தமானது, தெரியும்தானே," என்றார்.

"தெரியும்."

டிசெம்பர் முடிவுக்குள் வீட்டைவிட வேண்டும் என்று கடிதம் வந்தது. அதுவரை அவன் களஞ்சியத்தில் ஒற்றைக்கையால் பெட்டி இலக்கங்களைப் பதிந்துகொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் அவன் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. லூக்காஸ் மட்டும் ஒருநாள் வந்து, நின்றபடியே கோப்பி குடித்துவிட்டுப் போனான்.

டிரெஸ்டனில் மூன்றாம் மாடியில் சின்ன வீடு. யதுசா காலையில் போய்விடுவாள். அன்ரன் வாரத்தில் மூன்று நாள் கைப்பயிற்சிக்குப் போனான், மற்ற நாட்களில் சமைத்தான். முப்பத்தைந்து வயதில் என்ன தொழிலுக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தேடுவதென்று கணினியில் பார்த்துக்கொண்டேயிருந்தான். விட்டுவிட்டு வந்தால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை. எங்கே போவதென்று தெரியாத ஆளுக்குத் திறந்த கதவும் சுவர்தான் என்று அந்த மாதங்களில் பட்டது.

ஒக்டோபரில் மருத்துவர் கையை மடக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "அருமை. இனி நீங்கள் எறியலாம்," என்று சந்தோசமாகச் சொன்னார்.

இரண்டு நாளாக அதை யதுசாவிடம் அவன் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவள் இடியப்பம் வைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னான். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெஸ்லிங்குக்குத் தெரியுமோ?"

"அவர் மெசேஜ் போட்டவர். கை எப்பிடியெண்டு கேட்டு."

"என்ன எழுதினனீங்கள்?"

"இன்னும் ஒண்டும் எழுதேல்லை."

யதுசா சொதியை அவன் கோப்பைக்குள் ஊற்றினாள். அவன் சாப்பிடவில்லை. ரெலிபோனை எடுத்து, இடக்கையின் பெருவிரலால், ஒவ்வொரு எழுத்தாக, கை சுகம் என்றும், எறிவதில்லை என்ற முடிவில் மாற்றமில்லை என்றும், வீட்டுக்கும் வேலைக்கும் நன்றி என்றும் எழுதினான். அனுப்பமுதல் அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அது நீங்கள் அனுப்ப வேண்டியது," என்றாள்.

அனுப்பினான். பிறகு பொறுக்கமுடியாமல் எழுந்து போய் யன்னலைத் திறந்து, குளிருக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றான். சாப்பாடு ஆறுகிறது என்று அவள் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிவந்தான்.